இரண்டு வளையத்தில் மட்டும் கறை

பணி அனுபவம் எழுதுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். வாங்கிய பாராட்டுகளை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் இத்தனை வருஷ வேலையில் நான் செய்த முதல் தரமான முட்டாள்தனத்தை எழுதுகிறேன். லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் அதே தப்பைச் செய்ய வேண்டாம். வேறு புதுத் தப்பு ஏதாவது செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பெங்களூர் பீன்யாவில் ஒரு கார்பைடு தொழிற்சாலை. லேபும் தரக் கட்டுப்பாடும் என் பொறுப்பு. தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். வரும்போதே யாரை இன்றைக்குத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன் என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்களாம். பாதி உண்மைதான்.

நாங்கள் செய்கிற பொருளைக் கடலை மிட்டாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கடலை என்பது டங்ஸ்டன் கார்பைடு துகள். அதைப் பிடித்து வைத்திருக்கிற பாகு கோபால்ட். அமிலம் கடலையை லேசில் தொடாது, பாகைத்தான் கரைக்கும். பாகு போன பிறகும் கடலை அதே வரிசையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் தெரியாது, அளந்தாலும் பழைய அளவுதான் காட்டும். கை வைத்தால்தான் உதிரும். கோபால்ட்டுக்குப் பதில் நிக்கலைப் பாகாகப் போட்டால் அமிலத்தில் ரொம்ப நாள் நிற்கும். இன்னொன்று, கோபால்ட் ரகம் காந்தத்தில் ஒட்டும், நாங்கள் செய்த நிக்கல் ரகம் ஒட்டாது. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சக் கதை புரிந்துவிடும்.

மாலூர் பக்கம் கம்பி இழுக்கும் ஆலை ஒன்று எங்களுக்கு வாடிக்கை. கம்பியின் மேல் இருக்கிற துருவை எடுக்கச் சூடான கந்தக அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அந்த அமிலத்தைச் சுற்றிவர வைக்கிற பம்ப்பில், வளையல் அளவில் இரண்டு கார்பைடு வளையங்கள் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும். ஒன்று சுழலும், ஒன்று சும்மா நிற்கும். உள்ளே இருக்கிற அமிலம் வெளியே பீய்ச்சாமல் தடுப்பது அந்த இரண்டும்தான். பழைய கோபால்ட் வளையங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்விடும். நான் நிக்கல் ரகம் செய்து தருகிறேன் என்று அந்த ஆலைக்குப் போய் மார்தட்டிவிட்டு வந்தேன்.

அங்கே பம்ப் ஆபரேட்டர் கௌதமன். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர், நாற்பது வயதிருக்கும். போன முறை வளையம் உடைந்தபோது அமிலம் தெறித்து வலது முழங்கை வரை தோல் வெந்து சுருங்கியிருந்தது. அதன் பிறகு பம்ப்புக்கு முன்னால் ஒரு தகரத்தைத் தடுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் நின்றுதான் வேலை செய்வார்.

"இன்னா மேடம், இதுவும் மூணு மாசத்துல புட்டுக்குமா?" என்று கேட்டார்.

"புட்டுக்காது. இது நிக்கல்."

"அப்ப இந்தத் தகரத்த எடுத்துடலாமா? இதும் பின்னாடி நின்னா கேஜும் தெரியல, வால்வும் எட்டல. வெறும் ரோதனை."

"தாராளமா எடுங்க. என் ரிங் வந்துட்டா நீங்க பம்ப் பக்கத்துலயே நிக்கலாம்."

இப்படிச் சொன்னேன் நான். தயங்காமல், சிரித்துக்கொண்டே சொன்னேன். என் நிக்கல் வளையத்தின் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை. அந்த நம்பிக்கை தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

எட்டு வளையம் ஆர்டர். ஆறு மெருகேற்றி முடிந்து எட்டுக் குழி உள்ள தட்டில் உட்கார்ந்திருந்தன. மிச்சம் இரண்டு மெருகு மிஷின் பக்கத்து அலமாரியில் முடிந்து காத்திருந்தன. அந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் எந்தப் பட்டறையானாலும் பூஜைக்கு முந்தின நாள் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷம் பூராவும் கண்ணில் படாத அழுக்கெல்லாம் அன்றைக்குத்தான் படும். எல்லோரும் துடைப்பமும் துணியுமாக இறங்கிவிடுவோம். என் மேஜையை நானே துடைத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் செய்து வைத்திருந்த இரண்டு வளையங்கள் அங்கே கிடந்தன. அதே அளவு, அதே பளபளப்பு. தட்டில் இரண்டு குழி காலியாக இருந்தது. ஓ, மிச்சம் இரண்டும் இங்கே வந்துவிட்டதா என்று, மேலே மார்க்கரில் எழுதியிருந்ததை அழுக்கோடு அழுக்காகத் துடைத்து, குழியில் வைத்தேன். எட்டும் நிறைந்தது. பார்க்க அழகாக இருந்தது.

ஸ்டோரில் காந்தச் சோதனை உண்டு. தட்டுக்கு ஒரு வளையத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்று போதும் என்று விதி எழுதியவளும் நான்தான். அவர்கள் தொட்டது முதல் குழி வளையம். ஒட்டவில்லை, சரி என்று கையெழுத்து ஆகிவிட்டது.

பேக்கிங்கில் கஸ்தூரி. ஸ்ரீராம்புரத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். அவள் கட்டிய பெட்டியை லாரியிலிருந்து தள்ளிவிட்டாலும் உள்ளே ஒரு கீறல் விழாது. அவளைக் கூப்பிட்டு, "இது நம்ம முதல் நிக்கல் ஆர்டர், தட்டையும் பூஜையில வை" என்று சொன்னேன். விஞ்ஞானம் படித்தவள்தான், இருந்தாலும் ஆசை யாரை விட்டது. கஸ்தூரியும் மனசாரச் செய்தாள். மஞ்சள், குங்குமம், சாமந்திப்பூ. போதாததற்குத் திருஷ்டி கழியட்டும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமத்தில் தோய்த்து, எட்டு வளையத்தின் மேலும் பிழிந்துவிட்டு, பிழிந்த பழ மூடியைத் தட்டில் நடுவே வைத்தாள். பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம், மூன்று நாள் லீவில் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் குங்குமமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. கழுவினோம். ஆறு வளையம் பளிச்சென்று வந்தது. இரண்டில் மட்டும் சாறு நின்ற இடத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு திட்டு. தேய்த்தாலும் போகவில்லை.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! வாசலில் வேன் நிற்கிறது, மாலூரிலிருந்து காலையிலிருந்து இரண்டு போன். "கார்பைடு மேல யாராவது எலுமிச்சம்பழம் பிழிவாங்களா? இதென்ன ஊறுகாய் ஜாடியா?" என்று கத்தினேன்.

கஸ்தூரி பயந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மேடம், எட்டு மேலயும்தான் பிழிஞ்சேன். ரெண்டுல மட்டும் ஏன் மேடம் கறை?"

"கேள்வி வேற கேக்கறியா?" என்றேன் நான்.

அந்த இரண்டையும் மறுபடி மெருகேற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் திட்டு போய்விட்டது. எட்டும் மத்தியானமே கிளம்பிப் போனது. கையோடு கஸ்தூரிக்கு ஒரு மெமோவும் அடித்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் பொருளைக் கெடுத்ததற்கு ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று. பூஜையில் வைக்கச் சொன்னது நான் என்பதை மெமோவில் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய விளக்கம் என் மேஜைக்கு வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், முத்து முத்தான தமிழ் எழுத்து. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி. பிறகு இப்படி இருந்தது: "எட்டு வளையத்தின் மீதும் ஒரே பழத்தின் சாறுதான் பட்டது. ஆறில் கறை இல்லை. இரண்டில் மட்டும் வந்தது. காரணம் எனக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரிந்திருக்கும்."

குத்தலாக எழுதவில்லை. அவள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள். மேடம் படித்தவர், தெரிந்துதான் மெருகேற்றி அனுப்பியிருப்பார் என்று. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எலுமிச்சம்பழச் சாறு என்றால் என்ன? அமிலம். மூன்று நாள் எட்டு வளையத்தையும் அமிலத்தில் ஊறப்போட்டு, பாகு கரைகிறதா என்று பார்த்திருக்கிறோம். ஆறு தாங்கியது, இரண்டு தாங்கவில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய சோதனையைக் கஸ்தூரி ஒரு பழத்தில் செய்து முடிவையும் என் கண் முன்னால் வைத்தாள். நான் அந்த முடிவைத் தேய்த்து அழித்துவிட்டு அவளுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

ஓடிப்போய் மெருகு மிஷின் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். இரண்டு வளையங்கள் இருந்தன. காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. இரண்டும் நிக்கல். அப்படியானால் என் மேஜையிலிருந்து தட்டுக்குப் போன இரண்டும் கோபால்ட். தகரத்தை எடுங்கள், பக்கத்தில் நில்லுங்கள் என்று ஒரு மனுஷனிடம் வாய் கிழியச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

பேக்கிங் மேஜைக்குப் போனேன். "கஸ்தூரி, தப்பு என்னுது. அந்த ரெண்டும் வேற ரகம். நான்தான் மாத்தி வெச்சேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மெமோ கெடக்குது மேடம். மொதல்ல அங்க போன் போடுங்க."

போன் மானேஜர் அறையில் இருந்தது. மானேஜர் ஹாசன்காரர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை, கணக்குப் போட்டு நடக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பேடம்மா, போன் வேண்டாம். நாளன்னைக்கு ஞாயித்துக்கெழமை அவங்க லைன் நிக்கும். ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லிப் போய் நாமளே மாத்திட்டு வந்துடலாம். பழைய ரிங் எத்தனை மாசம் ஓடிச்சு? ரெண்டு நாள் தாங்காதா?"

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. பழைய கணக்குப்படி கோபால்ட் வளையம் இரண்டு நாள் என்ன, இரண்டு மாதம்கூடத் தாங்கும். என் நோட்டிலேயே அந்தக் கணக்கு இருந்தது. ஆனால் அந்தக் கணக்கை எழுதியபோது தொட்டி அத்தனை சூடு இல்லை. நிக்கல் வளையம் வருகிறது, இனிமேல் சூட்டை ஏற்றலாம் என்று யோசனை சொன்னதும் நான். கணக்கு எழுதியபோது கௌதமன் தகரத்துக்குப் பின்னால் நின்றார். இப்போது என் பேச்சைக் கேட்டு முன்னால் நிற்கிறார். சூழ்நிலை இரண்டும் மாறிய பிறகு பழைய எண் வெறும் ஆறுதல். நெருக்கடியில் கையில் ஓர் எண் இருந்தால் அதைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றும். அந்த எண் பிறந்தபோது என்னவெல்லாம் இருந்தது என்று கேளுங்கள்.

"சார், அந்த ஆள் கையை நீங்க பாக்கல. நான் பாத்திருக்கேன். கைய எடுங்க" என்றேன்.

எடுத்தார். "ஆர்டர் போச்சுன்னு வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஆலையில் எஞ்சினியர் எடுத்தார். பம்ப் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜம்மென்று ஓடுகிறது, ஒரு சொட்டுக் கசிவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நிறுத்துகிற பேச்சே இல்லை என்றார். வாதாடினால் நேரம்தான் போகும். கௌதமனிடம் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வந்தார்.

"கௌதமன், தகரத்தை எடுத்துட்டீங்களா?"

"ரிங் மாட்டின அன்னைக்கே எடுத்துட்டேன். நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, நான்தான் சொன்னேன். கேளுங்க. அனுப்பின எட்டுல ரெண்டு தப்பு ரிங். காந்தத்துல ஒட்டும். பம்ப்ல ரெண்டு இருக்கு, மிச்சம் ஆறு ஸ்பேர் பெட்டியில இருக்கும். வெல்டிங் ஷெட்ல காந்தம் இருக்கும், எடுத்து அந்த ஆறையும் பாருங்க. ஆறுல எத்தனை ஒட்டுதுன்னு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மானேஜர் எதிரே உட்கார்ந்து மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் அந்த ஆலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. அதில் பம்ப் சத்தம் எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை. ஆறில் இரண்டும் இருந்துவிட்டால் பம்ப்பில் இருப்பவை நல்லவை. அப்படியே இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

"மேடம்." கௌதமனுக்கு மூச்சு வாங்கியது. "அஞ்சு ஒட்டல. ஒண்ணு ஒட்டுது."

"அப்ப இன்னொண்ணு—"

"பம்ப்ல கீது. தெரியுது. நிறுத்திடறேன்."

"எஞ்சினியர் கிட்ட—"

"அவரு வந்து என் பக்கத்துல நிப்பாரா?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சலின் ஒரு பகுதி அடங்கியது. அடுத்தபடி எஞ்சினியர் கத்துகிற சத்தம் கேட்டது. அந்த ஆளின் வேலை இப்போது என் வார்த்தையில் தொங்குகிறது என்று புரிந்தது. போனை வைத்தேன்.

மானேஜர் வேன் சாவியை எடுத்து டிரைவரிடம் எறிந்தார். அலமாரியில் இருந்த இரண்டு நிக்கல் வளையங்களோடு கிளம்பினேன். பீன்யாவிலிருந்து மாலூர் என்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்குப் போய், அதற்கும் அப்பால். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரைப் பிடுங்கி எடுத்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

போய்ச் சேர்ந்தபோது பம்ப்பைப் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டு வளையமும் ஒரு துணி மேல் இருந்தன. எஞ்சினியர் கையில் மைக்ரோமீட்டர், முகம் சிவந்திருந்தது.

"மேடம், நீங்களே அளங்க. ஒரு மைக்ரான்கூடக் குறையல. கண்ணாடி மாதிரி இருக்கு. ஒண்ணுமில்லாததுக்கு இந்த ஆள் லைனை நிறுத்தியிருக்கான். ரிப்போர்ட் எழுதப் போறேன்."

நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். கௌதமன் ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பார்த்தது வளையத்தை இல்லை, என்னை.

நான் அளக்கவில்லை. அளவு சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டறைக்காரர்கள் கோடு போடுகிற கூர் ஊசியைக் கேட்டு வாங்கினேன். முதலில் காந்தம் ஒட்டாத நிக்கல் வளையத்தில் அழுத்திக் கீறினேன். ஊசி வழுக்கிக்கொண்டு போனது, தடம்கூட விழவில்லை. அடுத்து மற்றதில் கீறினேன். நறநறவென்று ஒரு பள்ளம் விழுந்தது. விளிம்பை நகத்தால் சுரண்டினேன். கறுப்பாகத் தூள் உதிர்ந்து துணியில் விழுந்தது. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பெருமை பேசி நாம் விற்கிற பொருள், மூன்று நாளில் என் நகத்துக்குத் தாங்கவில்லை. பாகு போய் வெறும் கடலைதான் மிச்சம் இருந்தது.

எஞ்சினியர் குனிந்து அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினார். ரிப்போர்ட் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. நானே அவருடைய லெட்டர்பேடை வாங்கி, தப்பு எங்களுடையது, வளையத்தை மாற்றி வைத்தது நான், பம்ப்பை நிறுத்தச் சொன்னதும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கஸ்தூரியின் மெமோவை மறுநாள் அவள் கையாலேயே கிழிக்கச் சொன்னேன். தட்டுக்கு ஒன்று என்ற விதியும் அன்றோடு ஒழிந்தது. ஆர்டர் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுத் துளைப்பீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கறையைக் கண்டால் முதலில் கோபம் வரும், வரட்டும். ஆனால் துடைக்கிற துணியை எடுப்பதற்கு முன்னால், ஏன் இதில் மட்டும், ஏன் அதில் இல்லை என்று கேளுங்கள். வேறு யாராவது அதைக் கேட்டால் தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுங்கள். எனக்கு அது நாலு நாள் தாமதமாகக் கேட்டது. அதில் மூன்று நாள் ஒரு மனுஷன் அந்தப் பம்ப்பை ஒட்டி நின்றிருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

அன்றைக்கு மாலூரில் கடைசியாக நடந்தது ஒன்று. பம்ப்பில் இருந்த நல்ல வளையம், பெட்டியில் இருந்த ஐந்து, நான் கொண்டுபோன இரண்டு, ஆக எட்டையும் துணி மேல் வரிசையாக வைத்தேன். "இது எட்டும் நிக்கல். நான் கொண்டு வந்த ரெண்டையும் கிளம்பும்போது பாத்தேன், வழியிலயும் பாத்தேன். மாட்டுங்க" என்று கௌதமனிடம் சொன்னேன்.

அவர் மாட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த வெல்டிங் காந்தத்தை எடுத்தார். என் எதிரிலேயே உட்கார்ந்து முதல் வளையத்தில் வைத்தார், எடுத்தார். இரண்டாவதில் வைத்தார். திருப்பிப் போட்டு அடியிலும் வைத்தார். சுற்றி நின்றவர்களுக்குச் சங்கடமாகப் போயிற்று. எஞ்சினியர், "அதான் மேடம் சொல்றாங்க இல்ல?" என்றார்.

கௌதமன் நிமிர்ந்து பார்த்தார். "கோச்சிக்காதீங்க மேடம். நம்பிக்கை இல்லாம இல்ல. நீங்க போன் பண்ணீங்களே, வேற யாராச்சும் பண்ணுவாங்களா? ஆனா இதும் பக்கத்துல நிக்கப் போறது நான்."

நானும் தரையில் உட்கார்ந்து, அடுத்த வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.